சிவப்பு நூல் கட்டிய கேன்

அந்தமான்
9 பிப்ரவரி 2022

இம்தியாஸ் பாய் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். போனில் பேசினால் இரண்டாவது நிமிடமே சண்டை வந்துவிடும் என்பதால் எழுதுகிறேன். கடிதம் படகேறி போர்ட் பிளேர் போய், அங்கிருந்து காஞ்சிபுரம் வந்து சேர்வதற்குள் எனக்குக் கோபம் ஆறிவிடும். உங்களுக்கு எப்படியோ தெரியாது.

கேள்வி ஒன்றுதான். போன மாதம் உதயகுமாருக்குச் செய்தி அனுப்பி, நம் சாயப்பட்டறையிலிருந்து ஐந்து லிட்டர் அசிட்டிக் ஆசிட் கேட்டிருந்தேன். கேன் வந்து சேர்ந்தது. அதற்குள் என்ன இருந்தது?

காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். நான் வேலை பார்க்கும் தீவின் வளைகுடாவில் முள்கிரீட நட்சத்திர மீன்கள் பெருகிவிட்டன. பெயரில்தான் மீன். தாம்பாளம் அளவு உடம்பு, பதினைந்து பதினாறு கைகள், மேலெல்லாம் விஷ முள். பவளத்தின் மேல் ஏறி உட்கார்ந்து, தன் வயிற்றையே வெளியே தள்ளி அதை மூடி, கரைத்துக் குடித்துவிட்டு நகரும். நகர்ந்த இடம் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி வெள்ளையாக இருக்கும். ஒன்றிரண்டு இருந்தால் கேடில்லை. இங்கே ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. வளைகுடாவின் மேற்கும் வடக்கும் முடிந்துவிட்டன. கிழக்குச் சரிவில் மட்டும் நாற்பது மீட்டர் நீளத்துக்கு மான்கொம்புப் பவளம் உயிரோடு நின்றது. இந்த வளைகுடாவில் மறுபடி பவளம் முளைக்க வேண்டுமென்றால் அதற்கான விதை அங்கிருந்துதான் வர வேண்டும். வேறு இடம் இல்லை.

இவற்றைக் கொல்ல வினிகர் போதும். ஊசியில் இருபது மில்லி ஏற்றினால் இரண்டு நாளில் செத்துவிடும், பக்கத்தில் இருக்கும் மற்ற உயிர்களுக்கு ஒன்றும் ஆகாது. தீவின் கடைகளில் இருந்த பாட்டில்களை எல்லாம் வாங்கிப் போட்டுப் பார்த்தோம். செத்தன. பாட்டில்கள் தீர்ந்தன. வினிகர் என்பது தண்ணீர் கலந்த அசிட்டிக் ஆசிட்தானே, அப்பாவின் பட்டறையில் இல்லாத ஆசிட்டா என்று நினைத்துத்தான் கேட்டேன்.

வந்ததில் ஒரு பங்குக்குப் பத்தொன்பது பங்கு தண்ணீர் கலந்தேன். நான்கு நாளில் ஆயிரத்து நூற்று நாற்பது ஊசி. ஐந்தாம் நாள் காற்று பிடித்துக்கொண்டது. ஒன்பது நாள் கழித்து இறங்கிப் பார்த்தால் அத்தனையும் உயிரோடு மேய்ந்துகொண்டிருக்கின்றன. நாற்பது மீட்டரில் இருபத்திரண்டுதான் மிச்சம்.

கேனில் என்ன இருந்தது என்று மட்டும் எழுதினால் போதும்.

அஞ்சும்


பெரிய காஞ்சிபுரம்
21 பிப்ரவரி 2022

அஞ்சுமுக்கு,

வ அலைக்கும் ஸலாம். ‘பாய் அவர்களுக்கு’ என்று எழுதியிருக்கிறாய். நூல் கொண்டுவருகிறவர்களும், கரண்ட் மீட்டர் பார்க்க வருகிறவரும் என்னை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். இரண்டேகால் வருஷம் கழித்து தங்கச்சியிடமிருந்து ஒரு கடிதம் வருகிறது, பார்த்தால் சரக்கு சரியில்லை என்ற புகார். பரவாயில்லை. புகாருக்குப் பதில் சொல்வது எனக்குப் பழக்கம்.

கேனில் இருந்தது ஆசிட்தான். ஆனால் ஏற்கெனவே தண்ணீர் கலந்தது. ஒன்றுக்கு ஒன்பது. நீ அதற்கு மேலும் பத்தொன்பது பங்கு ஊற்றியிருக்கிறாய். வீட்டில் உன் பாபி வைக்கிற ரசம் அதைவிடப் புளிப்பாக இருக்கும்.

உனக்குத் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. 2020 ஆகஸ்டில் அடர் ஆசிட் தெறித்து உதயகுமாரின் இடது கை முழங்கை வரை வெந்துவிட்டது. அன்றிலிருந்து ஆசிட் பீப்பாயை நான் மட்டும்தான் திறப்பேன். நானே தண்ணீர் கலந்து கேன்களில் ஊற்றி, கழுத்தில் சிவப்புப் பட்டு நூலை மூன்று சுற்றுச் சுற்றி முடிச்சுப் போடுவேன். நூல் இருந்தால் கலந்தது, எடுத்துத் தொட்டியில் விடலாம். நூல் இல்லையென்றால் யாரும் கிட்டே போகக்கூடாது. பட்டறையில் தமிழ் படிக்கிறவர் இருக்கிறார், தெலுங்கு மட்டும் படிக்கிறவர் இருக்கிறார், ஒன்றுமே படிக்காதவரும் இருக்கிறார். நூல் எல்லோருக்கும் புரியும். உன் கேனிலும் அந்த நூல் இருந்தது. என் கையால் கட்டியது.

இன்னொன்று. அப்பா எந்த ஆசிட்டையும் மூடியைத் திறந்து, கையால் விசிறி மோந்து பார்க்காமல் தொட்டியில் விட்டதில்லை. நீயும் அதைப் பார்த்துத்தான் வளர்ந்தாய். அடர்த்தியா, தண்ணீரா என்று உன் மூக்குக்குத் தெரியாதா? படிப்பு அதிகமானால் மூக்கு வேலை செய்யாது போலிருக்கிறது.

கேனோடு ஒரு சீட்டு ஏன் வைக்கவில்லை என்று அடுத்த கடிதத்தில் கேட்பாய். மறந்துவிட்டேன். தை மாதம், கல்யாண சீஸன், பட்டறையில் நிற்க இடமில்லை.

பாபி நிக்கத் உனக்கு ஸலாம் சொல்லச் சொன்னாள்.

இம்தியாஸ்


அந்தமான்
4 மார்ச் 2022

பாய் அவர்களுக்கு,

மோந்து பார்க்கவில்லை. கேனுக்குள் அடர் ஆசிட் இருக்கிறது என்று நினைத்ததால் முகமூடி போட்டுக்கொண்டுதான் மூடியைத் திறந்தேன். ஜாக்கிரதையாக இருந்ததால்தான் ஏமாந்தேன். இதை நீங்கள் பட்டறையில் சொல்லிச் சிரித்துக்கொள்ளலாம்.

நூல் இருந்தது. மூடி கழன்று வராமல் கட்டியிருக்கிறது என்று நினைத்துக் கத்தியால் அறுத்துப் போட்டேன்.

இன்னொரு தப்பும் என் மேல்தான். புது மருந்து வந்தால் முதலில் பத்து உயிருக்குப் போட்டு, இரண்டு நாள் காத்திருந்து, செத்ததா என்று பார்த்த பிறகுதான் மற்றதில் கை வைக்க வேண்டும். என்னிடம் பயிற்சிக்கு வருகிறவர்கள் யாராவது இதைச் செய்யாமல் விட்டிருந்தால் அன்றைக்கே ஊருக்கு அனுப்பியிருப்பேன். அப்பாவின் பட்டறைக் கேனைச் சோதித்துப் பார்ப்பதா என்ற திமிர் எனக்கு. எழுதும்போது வெட்கமாக இருக்கிறது.

ஆனால் சீட்டு வைக்க மறந்துவிட்டேன் என்கிறீர்களே, அதை என்னால் ஏற்க முடியவில்லை. ஒரே ஒரு வரி. ‘இது கலந்தது’ என்று இரண்டே வார்த்தை. நீங்கள் ஒரு கைக்குட்டை அளவு துணிக்குச் சாயம் போட்டாலும் கலர் நம்பரும் தேதியும் எழுதி ஊசி குத்தி வைக்கிறவர்.

2019 நவம்பரில் அப்பா இறந்த மூன்றாம் நாள் நான் வீட்டு வாசலில் வந்து நின்றேன். கடல் கொந்தளித்து இரண்டு நாள் படகு விடவில்லை. அதற்குள் அடக்கம் முடிந்திருந்தது. “ஒரு நாள் காத்துக்கினு இருக்க முடியலையா உங்களால?” என்று கேட்டேன். அதற்கு நீங்கள் சொன்ன பதில் எனக்கு வார்த்தை மாறாமல் நினைவிருக்கிறது. “நீ போய் மீனப் பாத்துக்கினு இரு. மய்யித்து உனக்காகக் காத்துக்கினு இருக்காது.” சுற்றிலும் இருபது பேர் நின்றார்கள். அதற்குப் பிறகு நாம் பேசவில்லை. சீட்டு இல்லாமல் கேன் மட்டும் வந்ததும் அந்தக் கணக்கில்தான் என்று நினைக்கிறேன்.

வேலை விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் கடிதம் வந்த அன்றே மிச்சமிருந்த ஆசிட்டில் ஒன்றுக்கு ஒன்று தண்ணீர் கலந்தோம். முந்நூற்று எண்பது ஊசிக்கு வந்தது. போதாது. பதினேழு மீட்டர்தான் இப்போது நிற்கிறது. படகோட்டி ராஜகோபாலுக்குப் பொறுமை போய்விட்டது. “பேசாம கத்தியால ரெண்டா வெட்டிப் போட்டுடலாம் மேடம்” என்கிறார். வெட்டினால் பாதி உடம்பே மறுபடி முழுசாக வளர்ந்துவிடக் கூடும் என்று சொன்னேன். அவர் நம்பவில்லை. 

எனக்கு இன்னும் நான்கு கேன் வேண்டும். போர்ட் பிளேரில் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. சீக்கிரம் வந்தால் நல்லது.

அஞ்சும்


பெரிய காஞ்சிபுரம்
16 மார்ச் 2022

அஞ்சுமுக்கு,

நான்கு கேன் இன்று சென்னைக்குக் கிளம்பிவிட்டது. கப்பல் ஏஜென்டிடம் நானே நேரில் போய்ப் பேசிவிட்டு வந்தேன். ஒவ்வொரு கேனிலும் சிவப்பு நூல் இருக்கிறது. தமிழிலும் இங்கிலீஷிலும் உருதுவிலும் தெலுங்கிலும் ‘கலந்தது, ஒன்றுக்கு ஒன்பது’ என்று எழுதி ஒட்டியிருக்கிறேன். மூடிக்கு மேல் ஒரு சீட்டு, பிளாஸ்டிக் பைக்குள் இன்னொரு சீட்டு. உதயகுமார் சும்மா இருக்காமல், “இன்னா பாய், கேனுக்கா நிக்காஹ் பத்திரிகை அடிச்சு ஒட்டிக்கினு இருக்கீங்க?” என்றான். மற்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

நீ செய்ய வேண்டியது இதுதான். ஒன்றுக்கு ஒன்று தண்ணீர். அதற்கு மேல் ஒரு சொட்டும் வேண்டாம். முதலில் பத்துக்குப் போட்டு இரண்டு நாள் பார். ஆசிட் விஷயத்தில் அவசரம் ஆகாது. பட்டுக்குச் சாயம் ஏற்றும்போதும் நாங்கள் ஆசிட்டை மூன்று தடவையாகப் பிரித்துத்தான் ஊற்றுகிறோம். மொத்தமாக ஊற்றினால் சாயம் ஒரே பாய்ச்சலாக நூலில் ஏறித் திட்டுத் திட்டாக நின்றுவிடும். நாளை மறுநாள் பங்குனி உத்திரம். நெசவாளர் வேணுகோபால் அடுத்த தறிக்கு அரக்கு நூல் வேண்டுமென்று காலையிலிருந்து பட்டறையில் உட்கார்ந்திருக்கிறார். அவரிடமும் இதைத்தான் சொன்னேன். அவர் காபி கேட்டார்.

2019 பற்றி எழுதியிருந்தாய். அப்படியே என் பக்கத்தையும் கேட்டுக்கொள். அன்று நல்ல மழை. காலை எட்டு மணிக்கு அப்பா போனார். மதியம் லுஹர் தொழுகைக்கே எடுத்துவிடலாம் என்று பெரியவர்கள் எல்லோரும் சொன்னார்கள். நான்தான் முடியாது, என் தங்கச்சி கிளம்பிவிட்டாள் என்று சொல்லிச் சாயங்காலம் அஸர் தொழுகை வரைக்கும் வைத்திருந்தேன். நீ படகு கிடைக்காமல் அங்கேயே நிற்கிறாய் என்று மூன்று மணிக்குத்தான் செய்தி வந்தது. அதற்கப்புறமும் அரை மணி நேரம் யாரையும் தூக்க விடவில்லை. இதை நீ கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

படகு நின்றது உன் தப்பில்லை என்று எனக்கு அன்றைக்கே தெரியும். ஆனால் யாரையாவது திட்ட வேண்டும் போலிருந்தது. நீ வாசலில் வந்து நின்றாய்.

இம்தியாஸ்


அந்தமான்
11 ஏப்ரல் 2022

பாய்ஜான்,

அஸர் வரைக்கும் வைத்திருந்தீர்கள் என்பதை இரண்டு தடவை படித்தேன். இனி வேலையைப் பற்றி எழுதுகிறேன்.

மூடியைத் திறந்து, கையால் விசிறி மோந்து பார்த்தேன். முதலில் பத்துக்குப் போட்டோம். மறுநாள் முள்ளெல்லாம் தொய்ந்து சாய்ந்தன. அடுத்த நாள் தோல் கிழிந்து, கை தனித்தனியாகக் கழன்று கிடந்தது. நாற்பத்தெட்டு மணி நேரத்தில் பத்தும் செத்தன. பிறகு பதினாறு நாள் இறங்கி ஆயிரத்து எண்ணூற்று எழுபது ஊசி போட்டோம். இப்போது நூறு மீட்டர் நீந்தினால் இரண்டு மூன்றைத்தான் பார்க்க முடிகிறது. இதற்கு மேல் இந்த சீஸனில் முடியாது. கடல் மாறப் போகிறது.

நாற்பது மீட்டரில் ஒன்பது மீட்டர் மிச்சம். 

இது போதுமா என்று ராஜகோபால் கேட்டார். தெரியாது என்றேன். மூன்று வருஷம் கழித்துத் தெரியும் என்றேன். “மூணு வருஷமா? அதுக்குள்ள என் பையன் காலேஜே முடிச்சுடுவான்” என்றார். ஒன்பது மீட்டரின் இரண்டு முனையிலும் இரும்புக் கம்பி அடித்திருக்கிறோம், அடுத்த தடவை அளப்பதற்கு. நம்பர் வில்லையைக் கட்ட ராஜகோபாலுக்குக் கயிறு கிடைக்கவில்லை. உங்கள் கேன் கழுத்தில் இருந்த நூலை எடுத்துக் கட்டிவிட்டார். நான் தடுக்கவில்லை.

நோன்பு வைக்கிறேனா என்று பாபி கேட்டிருந்தார். இறங்காத நாட்களில் வைக்கிறேன்.

அஞ்சும்


பெரிய காஞ்சிபுரம்
17 நவம்பர் 2022

அஞ்சும்,

இன்று அப்பா இறந்து மூன்று வருஷம். காலையில் கபரஸ்தானுக்குப் போய் பாத்திஹா ஓதிவிட்டு வந்தேன். பட்டறைக்குப் போகப் பிடிக்கவில்லை. உனக்கு ஒரு விஷயம் எழுத வேண்டியிருக்கிறது. ஏழெட்டு மாதமாகத் தள்ளிப் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

சீட்டு வைக்க மறந்துவிட்டேன் என்று எழுதினேன் இல்லையா, அது பொய்.

சீட்டை எழுதினேன். உதயகுமார் பார்சல் கட்டும்போது, “சீட்டு எங்க பாய்?” என்று கேட்டான். சட்டைப் பையில்தான் இருந்தது. வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நீ கேனைப் பார்ப்பாய், நூலைப் பார்ப்பாய், இது என்ன புதுசாக இருக்கிறதே என்று போன் பண்ணிக் கேட்பாய் என்று நினைத்தேன். என்னிடம் கேட்காமல் உதயகுமாரிடம் ஆசிட் கேட்டாயே, அந்தக் கோபம் வேறு. இவள் வாயிலிருந்து ஒரு வார்த்தை வரட்டும், அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்றுதான் விட்டேன். கேன் உன் கைக்கு வந்திருக்கும் என்று தெரிந்த வாரம் முழுக்கப் போனைக் கையிலேயே வைத்திருந்தேன். தொழுகைக்குப் போகும்போது நிக்கத்திடம் கொடுத்துவிட்டுப் போனேன், நீ கூப்பிட்டால் எடுப்பதற்காக. நீ கூப்பிடவில்லை.

இது இப்படியாகும் என்று எனக்குத் தெரியாது. ஏதோ மீனுக்குப் போடுகிற மருந்து என்றுதான் நினைத்தேன். அந்த நாற்பது மீட்டர்தான் அந்த வளைகுடாவுக்கு மிச்சமிருந்த விதை என்பது உன் கடிதத்தைப் படித்த பிறகுதான் தெரியும். ஒரு வீட்டுச் சண்டைக்கு முப்பத்தோரு மீட்டர் பலி. உதயகுமார் கை வெந்த அன்றைக்குப் பிறகு நான் தூங்காமல் கிடந்தது உன் கடிதம் வந்த அன்றைக்குத்தான்.

அந்தச் சீட்டை நான் கிழிக்கவில்லை. இதோடு வைத்திருக்கிறேன்.

இம்தியாஸ்

[உள்ளே மடித்து வைத்திருந்தது]

அஞ்சும், இது கலந்த ஆசிட். ஒன்றுக்கு ஒன்பது. சிவப்பு நூல் இருந்தால் கலந்தது என்று அர்த்தம். அடர்த்தியாக வேண்டுமென்றால் சொல், தனியாக அனுப்புகிறேன். ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா?


அந்தமான்
8 பிப்ரவரி 2025

பாய்ஜான்,

இரண்டு வருஷத்துக்கு மேல் பதில் போடவில்லை. உங்கள் மேல் கோபம் என்று நினைத்திருப்பீர்கள். பாபி போனில் கேட்டபோதெல்லாம் வேலை அதிகம் என்று சொன்னேன். காரணம் வேறு. அதைக் கடைசியில் எழுதுகிறேன். முதலில் அளந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

செத்த பவளத்தின் மேல் முதல் வருஷம் பச்சைப் பாசி படர்ந்தது. பார்க்கவே சகிக்காது. அதைக் கிளிமீன்கள் கொத்திக் கொத்தித் தின்றன. பாசி போன இடத்தில் ரோஸ் கலரில் ஒரு மெல்லிய ஓடு வளர்ந்தது. குட்டிப் பவளம் வந்து ஒட்டிக்கொள்ளப் பிடித்த இடம் அது. 2023 கடைசியில் முதல் குட்டியைப் பார்த்தோம், மிளகு அளவு. 2024 கோடையில் தண்ணீர் சூடாகி நிறைய வெளுத்தன, சில செத்தன. அப்போது எல்லாம் முடிந்தது என்றே நினைத்தேன். மழை வந்ததும் பாதிக்கு மேல் தேறிவிட்டன.

இந்த மாதக் கணக்கு இது. கிழக்குச் சரிவின் ஒன்பது மீட்டர் பதினான்கு மீட்டராக வளர்ந்திருக்கிறது. வடக்குப் பக்கத்தில் சதுர மீட்டருக்கு ஏழு குட்டிகள், இரண்டு ரூபாய்க் காசு அளவிலிருந்து உள்ளங்கை அளவு வரை. வளைகுடா முழுக்கத் தேடியதில் முள்கிரீட நட்சத்திர மீன் ஆறுதான். ஆறு இருந்தால் கேடில்லை. அவற்றைத் தொடவில்லை. முழுசாகப் பழையபடி ஆக இன்னும் பத்து வருஷம் பிடிக்கலாம், இன்னொரு கோடை வந்தால் அதுவும் நிச்சயமில்லை. ஆனால் போதுமா என்று ராஜகோபால் கேட்ட கேள்விக்கு இப்போது பதில் இருக்கிறது. போதும் என்று அவரிடம் சொல்லிவிட்டேன். அவர் பையன் காலேஜ் முடித்துவிட்டான்.

கம்பியில் கட்டிய நூல் எப்படி இருக்கிறது என்று சாயக்காரர் கேட்பீர்கள். ஆறே மாதத்தில் வெளுத்து, ஒரு வருஷத்தில் இற்றுப் போய்விட்டது. உங்கள் சாயத்தைக் கடலில் யாரும் மெச்ச மாட்டார்கள்.

இனி நான் சொல்ல வேண்டியது. 2022-இல் நான் எழுதியதில் ஒரு வரி பொய். மூடி கழன்று வராமல் நூல் கட்டியிருக்கிறது என்று நான் நினைக்கவில்லை. மூன்று சுற்று, பட்டு நூல், உங்கள் முடிச்சு. கேன் மூடிக்கு யாரும் பட்டு நூல் கட்ட மாட்டார்கள். நம் பட்டறையில் காரணமில்லாமல் எந்த நூலும் எதிலும் சுற்றப்படாது என்று எனக்குத் தெரியாதா? இதில் ஏதோ இருக்கிறது, கேட்க வேண்டும் என்று தோன்றியது. அன்று படகுத்துறையில் சிக்னல் நன்றாக இருந்தது. போனை எடுத்து உங்கள் பெயர் வரைக்கும் போனேன். இவர் சீட்டுக்கூட வைக்கவில்லை, நான் ஏன் கூப்பிட வேண்டும் என்று போனை உள்ளே வைத்துவிட்டுக் கத்தியை எடுத்தேன்.

நீங்கள் அங்கே போனைக் கையில் வைத்துக்கொண்டு இருந்தீர்கள் என்று படித்த பிறகு என்னால் எழுத முடியவில்லை. பழி முழுவதும் உங்கள் மேல் இருக்கட்டும் என்று இரண்டு வருஷம் சும்மா இருந்துவிட்டேன். என்னை மன்னித்துவிடுங்கள்.

அஞ்சும்


பெரிய காஞ்சிபுரம்
19 பிப்ரவரி 2025

அஞ்சும்,

கடிதம் இன்று மதியம் வந்தது. பட்டறையில் நின்றபடியே படித்தேன். உதயகுமார் என் முகத்தைப் பார்த்துவிட்டு, “இன்னா பாய், மறுபடியும் ஆசிட்டு சரியில்லையாமா?” என்று கேட்டான். இல்லை, இந்தத் தடவை சரியாக இருக்கிறதாம் என்றேன்.

ரம்ஜான் முடிந்ததும் நானும் நிக்கத்தும் வருகிறோம். எனக்கு நீச்சல் தெரியாது. படகில் உட்கார்ந்தபடியே பார்க்க ஏதாவது வழி இருந்தால் ராஜகோபாலிடம் சொல்லி வை. அந்தப் பதினான்கு மீட்டரை நான் பார்க்க வேண்டும். போன முப்பத்தொன்றையும் பார்க்க வேண்டும்.

இந்தக் கடிதம் உன் கைக்கு வர எப்படியும் பத்து நாள் ஆகும். அவ்வளவு நாள் என்னால் முடியாது. உறையை ஒட்டிவிட்டு உடனே உனக்குப் போன் பண்ணப் போகிறேன். அதனால் நீ இதைப் படிக்கும்போது நாம் பேசி முடித்திருப்போம். மன்னிப்பைப் பற்றிப் போனில் சொல்லிக்கொள்கிறேன்.

இம்தியாஸ்